அந்த நீள மேசையைத் திருப்பித் தாருங்கள்: மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நூலக ஆணைக்குழுவின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வயது 68. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, 31 ஆண்டுகள் பேரேடும் நகைக்கடன் பதிவேடும் எழுதி ஓய்வு பெற்றவள். தங்கள் ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நெடுங்கால உறுப்பினர். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகவும் சேர்ந்திருக்கிறேன். ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். எழுதினால் விளக்கம் கேட்டு முதல் கடிதம் எங்கள் நூலகருக்குத்தான் வரும். இரண்டு நூலகங்களைத் தனியொருவராகப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதருக்கு, நான் சொல்லப்போகும் குறையில் எந்தப் பங்கும் இல்லை.

சென்ற ஆண்டு நூலகக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டதில் எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி அடைமழையில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் வாளி வைத்துப் புத்தகங்களைக் காப்பாற்றிய காலம் போயிற்று. கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. மின்விசிறிகள் அத்தனையும் சுற்றுகின்றன. மாடியில் சிறுவர் பகுதி என்று தனி அறை எடுத்து, சுவர் முழுக்க வண்ணப்படம் தீட்டி, குட்டை மேசைகளும் குட்டை நாற்காலிகளும் போட்டிருக்கிறார்கள். அறை நன்றாகவே இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். 18 வயது நிறையாதவர்கள் மாடியில் மட்டுமே அமர வேண்டும், பெரியவர்கள் மாடிக்கு வரக் கூடாது, சிறுவர் உறுப்பினர்களுக்குக் கீழ்த்தளத்து நூல்கள் இரவல் வழங்கப்பட மாட்டா என்று மூன்றே வரிகளில் அது முடிந்துவிடுகிறது. அந்த மூன்று வரிகளுக்கு முன்னால் எங்கள் நூலகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது தங்கள் கோப்புகள் எதிலும் இருக்க நியாயமில்லை. ஆகவே என் அனுபவத்தையே எழுதுகிறேன்.

நான் சொல்லப்போகும் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. அவள் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அப்பா அறுவடை எந்திரத்தோடு ஊர் ஊராகச் செல்பவர். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, பள்ளி விட்டபின் அம்மா வயலிலிருந்து திரும்பும்வரை தனியாக வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நூலகத்துக்கு வரத் தொடங்கினாள். பழைய கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு நீள மேசை. அதற்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருப்பார்கள். நாளிதழ் பார்க்கும் ஓய்வூதியர்கள் ஒரு கோடியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மறு கோடியில், நடுவே கிடைத்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள். ஒரு மாதத்துக்கு மேல் அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இந்த இடத்தில் தங்கள் முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று தெரிந்தே, பல ஆண்டுகளாக நான் பென்சிலால் கிறுக்கி வந்திருக்கிறேன். ஆயுள் முழுவதும் கூட்டல் சரிபார்த்த கைக்கு அச்சுப்பிழையைக் கண்டால் பொறுப்பதில்லை. ளகரம் வர வேண்டிய இடத்தில் ழகரம், மாறிக் கிடக்கும் தேதி, ஏழாம் அத்தியாயத்தில் செத்தவர் பதினோராம் அத்தியாயத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது ஆகியவற்றை ஓரத்தில் மெல்லிய எழுத்தில் குறித்து வைப்பேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்பது என் எண்ணம்.

ஒருநாள் மாலை வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அடுத்ததாக எழுத நின்றிருந்தவள் பேனாவை வாங்கவில்லை. பதிவேட்டையே குனிந்து பார்த்தபடி, “இந்த ழ-வ நான் பாத்திருக்கேன்” என்றாள். என் ழகரத்தின் வால் கீழே இறங்கி இடப்பக்கம் ஒரு சுழி சுழித்துத்தான் நிற்கும். சங்கத்துச் செயலாளர்கூட அதைக் கேலி செய்திருக்கிறார். அவள் நேரே அலமாரிக்குப் போய் மூன்று புத்தகங்களை எடுத்துவந்து, தேடாமலே பக்கங்களைத் திறந்து மேசையில் வரிசையாக வைத்தாள்.

“இதெல்லாம் நீங்கதானே டீச்சர்?”

“நான் டீச்சர் இல்லம்மா. சொசைட்டில கணக்கு எழுதினவ.”

“அப்ப எதுக்குத் திருத்துறீங்க?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்று அவள் சொன்ன இன்னொன்றை நான் மறக்கவே முடியாது. அலமாரியில் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லாததால், என் பென்சில் குறிகளைத்தான் அவள் வழிகாட்டியாக வைத்திருந்தாளாம். “கடைசிப் பக்கம் வரைக்கும் பென்சில் இருந்தா நல்ல புக்கு. பாதியில நின்னுட்டா நான் எடுக்க மாட்டேன்.” என் திருத்தங்களை யாரோ ஒருத்தி பரிந்துரையாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குப் பெரியவர்கள் பகுதி எது, சிறுவர் பகுதி எது என்ற கணக்கே அன்றைக்கு இருக்கவில்லை.

அதன்பின் மூன்று ஆண்டுகள் அந்த மேசையில் நாங்கள் படித்தவற்றைப் பட்டியல் போட்டு இம்மடலை நீட்ட மாட்டேன். இரண்டைச் சொன்னால் போதும்.

ஒரு பழைய கதையில் ‘இருபது வேலிக்காரர்’ என்று ஒரு மிராசுதார் வருவார். அவர் வீட்டில் திருடு போன கட்டத்துக்கு வந்ததும் அவள் புத்தகத்தை மூடிவிட்டு, இருபது வேலி போட்டிருக்கிற வீட்டுக்குள் திருடன் எப்படி வந்தான் என்று கேட்டாள். சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு வேலிக்கு 20 மா, மூன்று மா ஓர் ஏக்கர், ஆக ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர் என்று நூலகச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்த குடும்பத்துப் பெண்ணுக்கு மா தெரிந்திருந்தது, வேலி தெரியவில்லை. வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்தவர்களின் சொல் அது, அவள் வீட்டுக்குள் புழங்கக் காரணம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மற்றொன்று எனக்குக் கிடைத்த பாடம். ஒரு நாவலில் நடவு வருணனை வந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றை நட்டபடி முன்னேறிச் செல்வதாக இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதியிருந்தார் ஆசிரியர். நான் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டிப் பாராட்டிக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நடவு நடுறவங்க பின்னாடிதான் போவாங்க டீச்சர். முன்னாடி போனா நட்டதையே மிதிச்சிட்டுல்ல போவாங்க?” என்றாள். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே குறுவைக் கடன் மனுக்களை ஆண்டுதோறும் எழுதியவள் நான். ஆடியில் அடகுக்கு வந்த தோடும் மூக்குத்தியும் தை அறுவடைக்குப்பின் மீட்கப்படுகிறதா என்று பதிவேட்டில் பார்த்து, விளைச்சலைக் கணித்தவள். பேருந்துச் சன்னல் வழியே ஆயிரம் முறை கண்ணில் பட்ட நடவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அன்று தெரிந்தது. பென்சிலை அவளிடம் கொடுத்தேன். அந்த நாவலின் அந்தப் பக்கத்து ஓரத்தில் ‘பின்னால்’ என்று எழுதியிருப்பது அவள் கையெழுத்து. தண்டம் விதிப்பதானால் எங்கள் இருவருக்கும் சேர்த்தே விதியுங்கள்.

இடையில் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாட்களில், அவள் அம்மாவும் வேலை முடிந்து வரும் வழியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார, அவள் எங்கள் இருவருக்குமாக வாசிப்பாள். காதல் காட்சி வந்தால் வேகம் கூடும். சண்டைக் காட்சி வந்தால் குரல் கூடும். எழுதப்படிக்கத் தெரியாத அவள் அம்மா, ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்றின் கதையை இன்றைக்கு எனக்கே தவறில்லாமல் சொல்வார். பெயர் சொல்லத் தேவையில்லை. தஞ்சைச் சீமையில் அதைத் தெரியாதவர் இல்லை. தமிழ் மின் நூலகத்தில் பழைய நூல்களைக் கைப்பேசியில் திறந்து எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அந்தப் பெண்தான்.

இனி அறிவிப்புக்கு வருகிறேன்.

இப்படிப் பிரித்து வைத்தது பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று எனக்குச் சொல்லப்பட்டது. இந்தக் காரணத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 31 ஆண்டுகள் நெரிசல் பேருந்தில் கைப்பையில் ஊக்கு வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தவளுக்கு, பொது இடத்தில் பெரியவர்கள் எல்லோரும் நல்லவர்கள் அல்லர் என்பதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு பணியாளர். அவர் இருக்கை கீழ்த்தளத்தில். பழைய நீள மேசை அவர் கண்ணுக்கு நேர் எதிரே, தெருவிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும்படி கிடந்தது. இப்போது பிள்ளைகள் இருப்பது அவருக்குத் தெரியாத மாடியில், மூடிய கதவுக்குப் பின்னால். ஏழு வயதுக் குழந்தையும் பதினேழு வயது மாணவனும் ஆளில்லாத அந்த ஓர் அறையில் இருப்பதைப் பாதுகாப்பு என்று எந்தக் கணக்கில் எழுதுவது? பிள்ளைகளைக் காக்க நினைத்தால் பலர் பார்வையில் இருக்கும் இடத்தில்தான் உட்கார வைக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் அகற்றியிருக்கிறார்கள்.

நீட் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் முழங்கால் மோவாயில் இடிக்கக் குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காட்சியைத் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அங்கே இருப்பவை படக்கதைகளும் பொது அறிவுப் புத்தகங்களும். மூன்று ஆண்டுகளாகக் கீழ்த்தளத்து நாவல்களைப் படித்து வந்தவளிடம் திடீரென்று, இது பெரியவர்கள் பகுதி என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? பெரும்பாலானோர் போகும் இடம் கைப்பேசி. அவள் போகவில்லை, அதற்கு அவள் பிடிவாதம்தான் காரணமே தவிர, நூலகம் எதுவும் செய்யவில்லை.

சென்ற நவம்பரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. மூத்த வாசகி என்று என்னை அழைத்து, பொன்னாடை போர்த்தி, மாணவர்களிடையே வாசிப்பு ஆர்வத்தை வளர்ப்பது குறித்துப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பிள்ளைகளை மாடியிலிருந்து வரிசையாகக் கீழே இறக்கி உட்கார வைத்தார்கள். நான் பேசி முடித்ததும் கைதட்டச் சொல்லி, மறுபடியும் வரிசையாக மாடிக்கு அனுப்பினார்கள். அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அந்தப் பொன்னாடையை இன்னும் பிரிக்கவில்லை.

தாங்கள் பொறுப்பில் இருப்பது வேறெங்கோ என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 1871-இல் இதே காவிரிக் கரையில், மாயூரத்தில், 56 வயது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 16 வயதுப் பையனாக வந்து சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். அது ஆசிரியர், மாணவர் உறவு, எங்களுடையதோடு ஒப்பிட முடியாது என்று தாங்கள் சொல்லக்கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நிகழ்ச்சி அப்படி இல்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அதே சாமிநாதையரை, ஊருக்கு முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் சொன்ன நீண்ட பட்டியலில் நிறைவடையாமல், இவற்றுக்கு முந்தைய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று மேலும் கேட்டுச் சீவக சிந்தாமணியை எடுத்துவைத்தார். முன்சீப்புக்கு அதில் உத்தியோகக் கடமை எதுவும் கிடையாது. ஒரு வாசகர் இன்னொரு வாசகரைக் கேட்டார், அவ்வளவுதான். 1887-இல் அந்நூல் அச்சேறியது. அதற்குப்பின் வந்த பதிப்புகளைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நூலகத் துறையினர் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மாலை போடும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் பிறந்தது சீர்காழியில். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் 14 வயதானவரா 68 வயதானவரா என்று விதி கேட்கவில்லை. அதே 1931-இல்தான் எங்களுக்குப் பக்கத்தில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் தொடங்கியது. மாட்டுவண்டிக்கு மாடி கிடையாது என்பதை இங்கே பணிவோடு நினைவூட்டுகிறேன்.

1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, எங்கள் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ரூபாய்க்குப் 10 காசு தனியாகப் போட்டு வாங்குகிறார்கள். என் வீட்டு ரசீதிலும் அந்த வரி இருக்கிறது, அவள் வீட்டு ரசீதிலும் இருக்கிறது. ரசீதில் மாடி, கீழ்த்தளம் என்ற பிரிவு இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாக ஒரு காசு ஒதுக்க வேண்டியதும் இல்லை. சிறு குழந்தைகளுக்கு மாடி அறை அப்படியே இருக்கட்டும். பெற்றோர் யாரேனும் உடன் இருக்க அனுமதித்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டு வயது கடந்த பிள்ளைகள், பெற்றோரின் கையெழுத்தோ கைநாட்டோ பெற்று, கீழ்த்தளத்தில் உட்காரவும் கீழ்த்தளத்து நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் அனுமதியுங்கள். பின்கட்டில் தார்ப்பாயின் கீழ், கட்டுக்கட்டான பழைய நாளிதழ்களுக்கு நடுவே கிடக்கும் அந்த நீள மேசையைத் திரும்பவும் நூலகர் இருக்கைக்கு எதிரே போடச் சொல்லுங்கள். குட்டைக் காலைச் சரிசெய்யும் தச்சர் கூலியை நான் தருகிறேன். மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இப்போது இரண்டாகிவிட்ட வருகைப் பதிவேட்டை மறுபடியும் ஒன்றாக்குங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கை தங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஒரே பதிவேட்டில் ஒருவர்பின் ஒருவராகப் பெயர் எழுத நின்றிராவிட்டால் அவள் என் ழகரத்தைக் கண்டிருக்கவே மாட்டாள்.

அதுவரை எங்கள் ஏற்பாடு நடந்துகொண்டுதான் இருக்கும். மாடிப்படிகள் மொத்தம் பதினாறு. மாலை ஐந்தேகாலுக்கு நான் ஆறு படி ஏறி நிற்பேன். அவள் பத்துப் படி இறங்கி வருவாள். என் பெயரில் எடுத்த புத்தகத்தை அவளிடம் கொடுப்பேன், சென்ற வாரத்துப் புத்தகத்தை வாங்கிக்கொள்வேன். இரண்டொரு வார்த்தை பேசுவோம். நூலகர் அந்த நேரத்தில் மிகுந்த கவனத்தோடு நாளிதழ் படிப்பார்.

இம்மடலைத் தங்களுக்கு அனுப்பும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். தன்னைப் பற்றி எழுதியது அனைத்தையும், அம்மாவுக்கு வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கியபின், அப்படியே விட்டுவிட்டாள். நான் ஏழு படி ஏறுவதாக எழுதியிருந்ததை மட்டும் பென்சிலால் அடித்து, ஓரத்தில் ‘ஆறு’ என்று எழுதி, “ஆறாவது படிலயே முட்டியப் புடிச்சிட்டு நின்னுடுறீங்க டீச்சர்” என்றாள். மறுநாள் எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

இப்படிக்கு,
தங்கள் கிளை நூலகம் ஒன்றின் உறுப்பினர், புரவலர்